சுண்டிய சாறும் கெம்போங் மீனும்

உப்பு, இனிப்பு, புளிப்பு மூன்றும் கலந்த சாற்றைச் சட்டியிலேயே சுண்டவைத்து மீனின் மேல் படரவிட்டால், கண்ணாடிபோல் மினுங்கும் மெல்லிய பூச்சு ஒன்று உருவாகிறது. அதன் உள்ளே சதை ஈரம் குறையாமல் இருக்கும். உணவக அட்டைகள் இதைக் 'கிளேஸ்' என்று எழுதுகின்றன. ஜப்பானியர் வைத்த பெயர் தெரியாக்கி. 'தெரி' என்றால் பளபளப்பு, 'யாக்கி' என்றால் வாட்டியது. மலாய் அடுக்களையில் இதற்கு நெருங்கிய உறவு ஈக்கான் மாசாக் கிச்சாப். தமிழில் இதற்குத் தனிப்பெயர் இல்லை. ஆனால் வினைச்சொல் இருக்கிறது: சுண்டுதல். புளிக்காய்ச்சல் கிண்டிப் பழகிய கைக்கும், பாகின் பதம் பார்த்துப் பழகிய கண்ணுக்கும் இந்தச் சமையலில் புதிதாகக் கற்க அதிகமில்லை. புளிக்காய்ச்சலின் கெட்டியையும் பாகின் மினுமினுப்பையும் ஒரே சட்டியில் வரவழைத்து, கம்பிப் பதத்துக்குப் போகும் முன்பே அடுப்பை நிறுத்துவதுதான் இதன் சூட்சுமம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தச் சமையல் தொடங்கும் இடம் செலாயாங். கோலாலம்பூரின் மொத்தச் சந்தையான பசார் போரோங், ஈப்போ சாலையை ஒட்டி, செலாயாங் எல்லையில் இருக்கிறது. நிர்வாகம் கோலாலம்பூர் மாநகர மன்றத்தினுடையது என்றாலும் மக்கள் வாயில் அது 'செலாயாங் சந்தை'தான். ஊர் உறங்கும் நேரத்தில் மீன் லாரிகள் அங்கே வந்து சேர்கின்றன. விடிவதற்குள் பெரும்பகுதி வியாபாரம் முடிந்து, பனிக்கட்டிப் பெட்டிகள் பத்துகேவ்ஸ், செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் எனப் பிரிந்து போய்விடுகின்றன. 2020 ஏப்ரலில், நோய்த்தொற்றுக் காலத்தில், சந்தையைச் சுற்றிய குடியிருப்புகள் கம்பி வேலிக்குள் அடைபட்டபோதுதான், தலைநகரத்துச் சமையலறைகள் இந்த ஒரு சந்தையை எவ்வளவு நம்பியிருக்கின்றன என்பது பலருக்கு உறைத்தது.

சந்தைப் பலகையில் மீன்கள் மலாய்ப் பெயரில்தான் விற்கப்படுகின்றன. மலேசியத் தமிழர் பேச்சிலும் அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன. தெங்கிரி என்பது தமிழ்நாட்டு வஞ்சிரம், யாழ்ப்பாணத்தில் அறக்குளா. சியாக்காப் என்பது கொடுவா. பாவால் என்பது வாவல். இரண்டு பெயரும் ஒலியிலேயே உறவாடுகின்றன. தோங்கோல் என்பது சூரை வகை. எல்லாருக்கும் தெரிந்த, எல்லாச் சந்தையிலும் கிடைக்கிற கெம்போங்தான் கானாங்கெளுத்தி. கெம்போங் என்ற பெயரில் விற்பது ஒரே இனமன்று. நெருங்கிய உறவுள்ள சில இனங்கள் அந்தப் பெயரைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் ஒன்றின் அறிவியல் பெயரிலேயே தென்னிந்தியக் கடற்கரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர் விசாகப்பட்டினத்தில் திரட்டிய 200 மீன்களின் படங்களையும் விளக்கங்களையும் 1803இல் நூலாக வெளியிட்டார். அங்கே மீனவர்கள் சொன்ன தெலுங்குப் பெயரை அவர் அப்படியே எழுதிவைக்க, பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே 1816இல் அதையே இனப்பெயராக்கினார். ராஸ்ட்ரெலிகர் கனகுர்த்தா என்று இன்று உலகமே எழுதும் பெயர், வங்கக் கடலோரத்து மீனவர் கூப்பிட்ட பெயர்தான்.

மினுங்கும் பூச்சுக்கு எந்த மீன் ஏற்றது என்று கேட்டால் வெளிநாட்டுச் சமையல் நூல்கள் சால்மன் என்கின்றன. சால்மன் நல்ல மீன்தான். கொழுப்பு நிறைந்தது, ஆகவே ஓரிரு நிமிடம் கூடுதலாக வெந்தாலும் வறண்டு போகாது; சமைப்பவரின் கவனக்குறைவை மன்னித்துவிடும். ஆனால் மலேசியாவுக்கு அது பிறநாட்டுச் சரக்கு. விலையும் கெம்போங்கைப் போலப் பல மடங்கு. ஒமேகா-3 கொழுப்பு கெம்போங்கில்தான் அதிகம், சால்மனில்தான் அதிகம் என்று இரு கட்சியாகப் பேசுவது இங்கே வழக்கமாகிவிட்டது. வளர்ப்புச் சால்மனில் அந்த அளவு தீவனத்தைப் பொறுத்து மாறும். கெம்போங்கில் பருவத்தைப் பொறுத்து மாறும். இதைப் பந்தயமாக்குவதில் பயனில்லை. இரண்டுமே கொழுப்பு மீன்கள். வாரம் இருமுறை மீன், அதிலும் கொழுப்பு மீன் என்பது இதயநல அமைப்புகள் பொதுவாகச் சொல்லும் அளவு. அதை வாரந்தோறும் கைக்கு எட்டும் விலையில் தருவது கெம்போங். பெரிய கொன்றுண்ணி மீன்களில் சேரும் அளவுக்குப் பாதரசமும் இந்தச் சிறு மீனில் சேர்வதில்லை. கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் இது கவனிக்கத்தக்க செய்தி.

வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கடற்கரைப் படகுகள் கடலுக்குப் போவது குறையும், விலை ஏறும். அந்த மாதங்களில் கூண்டுகளில் வளர்க்கப்படும் சியாக்காப் கைகொடுக்கிறது. அதன் சதை வெண்மையானது, சுவை அடக்கமானது; சாறு சற்றுக் காரமாக இருந்தால் எடுபடும். கடைகளில் 'டோரி' என்ற பெயரில் கிடைக்கும் உறைந்த வெள்ளைத் துண்டுகள் பெரும்பாலும் பாத்தின் என்ற ஆற்றுமீன். உறைந்த மீன்மேல் பனிப்படலம் ஒன்று பூசியிருப்பார்கள். சதை காய்ந்து போகாமல் காக்க அது உதவுகிறது. உருகினால் எடையில் ஒரு பங்கு தண்ணீராகப் போய்விடும். அந்தத் தண்ணீரைத் துடைக்காமல் சட்டியில் இட்டால் மீன் வாடாது, அவியும்.

கெம்போங், தோங்கோல் போன்ற மீன்களை வாங்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. மீன் சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். முகம் சிவத்தல், தலைவலி, அரிப்பு, வயிற்றுப்போக்கு எனத் தொல்லை கொடுப்பது அதுதான். பலர் இதை 'மீன் ஒவ்வாமை' என்று நினைத்து, நல்ல மீனையும் ஆயுளுக்கும் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒருமுறை உருவான ஹிஸ்டமின் கொதிக்கவைத்தாலும் வறுத்தாலும் போகாது. தெளிந்த கண், சிவந்த செவுள், அழுத்தினால் மீளும் சதை, கடல்வாசம் ஆகிய நான்கையும் பார்த்து வாங்கியபின், வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் அதை ஒரு மணி நேரம் மறந்துவிட்டால் பார்த்ததெல்லாம் வீண். மீனோடு ஒரு பை பனிக்கட்டியும் கேட்டு வாங்குவது செலவில்லாத காப்பு.

கெம்போங்கை வயிற்றுப்பக்கம் கீறுவதுதான் வழக்கம். இந்தச் சமையலுக்கு முதுகுப்பக்கம் பிளந்து, புத்தகம்போல் விரித்து வாங்க வேண்டும். மீன்காரரிடம் 'பெலா பெலாக்காங்' என்றால் போதும். விரித்த மீனின் தடிப்பு பாதியாகிறது. வேகும் நேரமும் அதற்கேற்பக் குறைகிறது. சாறு படரப் பரப்பும் இரு மடங்காகிறது.

மீன் இவ்வளவு விரைவாக வேகக் காரணம் அதன் உடலமைப்பு. நிலத்தில் நடக்கும் விலங்கு தன் எடையைத் தானே சுமக்கிறது. அதன் தசைகளைப் பிணைக்கும் இணைப்புத்திசு தடித்து உறுதியாக இருக்கும். மீனைத் தண்ணீர் சுமக்கிறது. ஆகவே அதன் இணைப்புத்திசு குறைவு, இளகவும் குறைந்த வெப்பமே போதும். மீன்சதையின் புரதம் 40 பாகை செல்சியசைத் தாண்டும்போதே இறுகத் தொடங்குகிறது. 55 முதல் 60க்குள் இதழ் இதழாகப் பிரிகிறது. உணவுப் பாதுகாப்புக்காகச் சொல்லப்படும் அளவு 63 பாகை. அதற்குமேல் போகப் போக நீர் கசிந்து, சதை நார்போல் ஆகிறது. ஓர் அங்குலத் தடிப்புக்கு 10 நிமிடம் என்பது பழைய சமையல் கணக்கு. விரித்த கெம்போங் அரை அங்குலம்கூட இராது. அரை மணி நேரம் குழம்பில் கொதித்த மீனை உண்டு பழகிய வீட்டில் இந்தக் கணக்கை நம்ப முதலில் தயக்கம் இருக்கும். குழம்பில் அந்தக் கொதி மசாலாவுக்குத் தேவைப்படுகிறது; மீனுக்குத் தேவைப்படுவதில்லை.

இனிச் சாறு. நான்கு பேருக்கு நான்கு நடுத்தரக் கெம்போங் என்றால், உப்புக் கிச்சாப் 2 மேசைக்கரண்டி, சீவிய குலா மலாக்கா 1 மேசைக்கரண்டி, சிறு நெல்லிக்காய் அளவு புளியைக் கால் கோப்பைத் தண்ணீரில் கரைத்த சாறு, துருவிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு மூன்று பல், இடித்த மிளகு அரைத் தேக்கரண்டி. காரம் விரும்புவோர் சிலிப்பாடி ஒன்றைக் கீறிப் போடலாம். ஜப்பானிய முறையில் சேரும் மிரின் அரிசியிலிருந்து எடுக்கும் இனிப்பு மது. மலேசியாவில் பல வீடுகளில் அதற்கு இடமில்லை. புளி இருக்கும்போது அதன் தேவையும் இல்லை.

புளியை இங்கே வெறும் புளிப்புக்காகச் சேர்ப்பதாக நினைப்பது அதன் பாதி வேலையைக் கவனிக்காமல் விடுவது. புளிச்சதையில் பெக்டின் இருக்கிறது. பழப்பாகுகளைக் கெட்டியாக்குவது அதுவே. ஆகவே புளி சேர்ந்த சாறு குறைந்த சர்க்கரையிலேயே கரண்டியில் ஒட்டும் பதத்துக்கு வருகிறது. இன்னொன்று: அமிலத்தோடு கொதிக்கும் சர்க்கரையின் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிகிறது; அதனால் பாகு மணல்போல் உறையாமல் வழுவழுப்பாக நிற்கும். மிட்டாய்க் கடைக்காரர் பாகில் எலுமிச்சைச் சாறு சில துளி விடுவதும் இதற்காகத்தான். பளபளப்புக்குச் சோளமாவைக் கரைத்து ஊற்றுவோரும் உண்டு. சர்க்கரை குறையும் என்பது உண்மை. ஆனால் மாவு தரும் மினுக்கு ஆறியதும் மங்கிவிடும், நாக்கிலும் கொழகொழப்பு நிற்கும். அரைத் தேக்கரண்டிக்கு மேல் அது வேண்டாம்.

கிச்சாப் என்ற சொல்லே மீனோடு பிறந்ததாகக் கருதப்படுகிறது. ஹொக்கியன் சீனத்தில் மீனை உப்பில் ஊறவைத்து எடுத்த சாற்றைக் குறித்த சொல் மலாயில் சோயாச் சாறாகவும், ஆங்கிலேயர் வாயில் தக்காளிச் சாறாகவும் மாறியது என்பதே சொற்பிறப்பு ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்கும் வழி. கடையில் வாங்கும்போது கவனிக்க வேண்டியது மாசின் (உப்பு), மானிஸ் (இனிப்பு) என்ற வேறுபாடு. மானிஸ் கிச்சாப்பில் சர்க்கரை முன்பே நிறைய இருக்கிறது. அதை ஊற்றி, மேலே குலா மலாக்காவும் போட்டால் மீன் மிட்டாயாகிவிடும். உப்புக் கிச்சாப்பை எடுத்து, இனிப்பைத் தனியாகச் சேர்த்தால் அளவு சமைப்பவர் கையில் இருக்கும்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு மேசைக்கரண்டிக் கிச்சாப்பில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் உண்டு. இரண்டு கரண்டியை நான்கு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 450. உலகச் சுகாதார நிறுவனம் வைத்துள்ள நாள் வரம்பு 2,000 மில்லிகிராம். அதாவது ஒரு நாள் அளவில் நான்கில் ஒரு பங்கைச் சற்றே நெருங்குகிறது. எனவே மீனில் தனியாக உப்பு தடவக்கூடாது, கீரையிலும் உப்பைத் தளர்த்த வேண்டும். சோடியம் குறைந்த கிச்சாப்புகளும் கிடைக்கின்றன. அவற்றில் சில பொட்டாசியம் உப்பைச் சேர்த்துச் செய்யப்படுபவை என்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்கலாகாது. சர்க்கரைக் கணக்கு இன்னும் எளிது: ஒரு மேசைக்கரண்டி குலா மலாக்கா ஏறத்தாழ 12 கிராம், ஆளுக்கு 3 கிராம். குலா மலாக்கா தென்னம்பாளையின் பதநீரைக் காய்ச்சி எடுப்பது. அதனால் உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொள்வது ஆறுதல் மட்டுமே. அதுவும் பெரும்பாலும் சர்க்கரைதான். அதன் புகைவாசம் வெள்ளைச் சர்க்கரையில் வராது என்பதே அதைத் தேடிப் போக உண்மையான காரணம்.

பூச்சு மேற்பரப்பில் மட்டும் நிற்பது உப்பு, சர்க்கரைக் கணக்குக்குச் சாதகம். நாக்கு முதலில் தொடுவது மேற்பரப்பை. அங்கே சுவை அடர்ந்திருந்தால், சதை முழுவதும் உப்பு ஏறியிருக்க வேண்டியதில்லை. இரவெல்லாம் கிச்சாப்பில் மீனை ஊறப்போடும் வழக்கம் இந்தச் சாதகத்தை இழந்துவிடுகிறது. உப்பு உள்ளே இறங்கி, நீர் வெளியேறி, மீன் இறுகிவிடுகிறது.

சமைக்கும் வரிசை இது. முதலில் அரிசியைக் கழுவிக் குக்கரில் போட்டுவிட வேண்டும். அது வெந்து முடிவதற்குள் மீனும் கீரையும் முடிந்துவிடும். மீனைக் கழுவி, தாளால் ஈரம் போக நன்றாக ஒற்றி, ஒரு சிட்டிகை மஞ்சள் மட்டும் தடவலாம். இந்தத் துடைப்பு சடங்கன்று. ஈரமான தோல் சட்டியில் பட்டால் முதலில் அந்த நீர் ஆவியாக வேண்டும். அதுவரை தோலின் வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. மீன் பொன்னிறமாவதற்குச் சுமார் 140 பாகைக்கு மேல் வேண்டும். ஒட்டிப் பிய்ந்து போன மீன்களில் பாதி, துடைக்காத மீன்கள்தான்.

அகன்ற சட்டி சூடேறியபின் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். குவாலியைவிடத் தட்டையான சட்டி நல்லது; குழிந்த குவாலியில் விரித்த மீன் முழுவதும் படியாது. தோல்பக்கம் கீழாக மீனை வைத்து, கரண்டியால் சில நொடி அழுத்திப் பிடித்தால் சுருளாது. பிறகு தொடக்கூடாது. மூன்று நிமிடத்தில் மீன் தானாகச் சட்டியை விடும். விடாத மீனைப் பிடுங்குவது அதைக் கெடுப்பது. திருப்பி ஒரு நிமிடம், உடனே தட்டில் எடுத்துவிடலாம். முழுதாக வேகவில்லையே என்ற கவலை வேண்டாம்; மிச்ச வேக்காடு சாற்றில் நடக்கும். நான்கும் ஒரே தடவையில் கொள்ளாவிட்டால் இரண்டிரண்டாகப் போடுவதே சரி. சட்டியை நெருக்கினால் சூடு இறங்கிவிடும்.

அதே சட்டியில் கலந்து வைத்த சாற்றை ஊற்ற வேண்டும். முதலில் சிறு குமிழிகள் சலசலவென்று வரும். தண்ணீர் குறையக் குறையக் குமிழிகள் பெரிதாகி, சோம்பலாக வெடிக்கும். கரண்டியால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு ஒரு கணம் நின்று மூடிக்கொள்ளும். அதுவே பதம். அதிரசத்துக்கும் கடலை மிட்டாய்க்கும் பார்க்கும் பதங்களுக்கு இது வெகு முன்னால். இந்தக் கட்டத்தில் சாற்றைச் சுவைத்து உப்புப் போதவில்லை என்று கிச்சாப் சேர்ப்பவர்கள் உண்டு. இன்னும் அரை நிமிடம் சுண்டினால் அதே சாறு கரிக்கும். மீனைத் திரும்ப இட்டு, கரண்டியால் சாற்றை அள்ளி அள்ளி மேலே ஊற்றினால் ஒரு நிமிடத்தில் பூச்சு படிந்துவிடும். அடுப்பை அணைத்தபின் லீமாவ் கஸ்தூரி ஒன்றைப் பிழிய வேண்டும். அதன் மணம் சூட்டில் பறந்துவிடும் என்பதால் அது கடைசியில்தான்.

சர்க்கரையை முதலிலேயே மீனில் தடவிச் சட்டியில் இடுவதுதான் இந்தச் சமையலில் நேரும் பெரும் பிழை. வெளியே கரிந்து கசந்திருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். தேன் சேர்த்தால் ஆபத்து இன்னும் விரைவில் வரும்; தேனில் உள்ள ஃபிரக்டோஸ் சாதாரணச் சர்க்கரையைவிடக் குறைந்த வெப்பத்திலேயே கருகத் தொடங்குகிறது. ஏர் ஃபிரையரில் செய்வோருக்கும் இதே விதி: 180 பாகையில் எட்டு நிமிடம் மீன் மட்டும், தனியே சுண்டிய சாற்றை அதன்பின் தடவி இரண்டு மூன்று நிமிடம். பச்சை மீனைத் தொட்ட தூரிகையை வெந்த மீனில் மறுபடி தொடக்கூடாது.

எண்ணெயில் மூழ்கப் பொரித்து, பிறகு சாற்றில் புரட்டுவது ஈக்கான் மாசாக் கிச்சாப்பின் வழக்கமான முறை. சுவையில் அதற்குக் குறை சொல்ல முடியாது. ஒரு கரண்டி எண்ணெயில் வாட்டிய மீன் அந்த மொறுமொறுப்பைத் தராது. பதிலாக மீனின் சொந்தக் கொழுப்பு சதையிலேயே தங்கும், பொரித்த எண்ணெயை மறுநாளைக்கு எடுத்துவைக்கும் சபலமும் எழாது.

தட்டில் என்ன விகிதம் என்பதற்கு மலேசியச் சுகாதார அமைச்சு ஒரு எளிய வாய்பாடு வைத்திருக்கிறது: சுக்கு-சுக்கு-செப்பாரு. மலாயில் 'சுக்கு' என்றால் கால் பங்கு. மருந்துக்கடைச் சுக்கோடு உறவில்லை. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது இறைச்சி, பாதி காய்கறியும் பழமும். 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவும், 54.4 விழுக்காட்டினருக்கு அதிக எடை அல்லது உடல்பருமனும் இருந்தன. மலேசிய இனங்களில் நீரிழிவு இந்தியரிடையே மிகுதி என்பதைத் தொடர்ந்து வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே பாகு பூசிய மீன் என்றதும் தமிழ் வீடுகளில் தயக்கம் எழுவது இயல்பே. ஆனால் பூச்சிலுள்ள 3 கிராமுக்குப் பயந்து மீனை ஒதுக்குகிறவர், ஒரு கோப்பைச் சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் மாவுச்சத்து இருப்பதைப் பார்க்கத் தவறுகிறார். சாப்பிட்டபின் குடிக்கும் தே தாரேக்கில் கலந்த கெட்டிப்பாலும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

பாதித் தட்டை நிரப்பக் கங்கோங் கீரை மிக வசதி. மீனை எடுத்த கையோடு, வேறொரு சட்டியில் பூண்டோடு இரண்டு நிமிடம் வதக்கினால் போதும். சாவியோ, பிஞ்சு பீன்சோ ஆனாலும் சரி. மினுங்கும் மீனுக்குப் பக்கத்தில் இன்னொரு கெட்டிக் குழம்பு வேண்டாம். வெள்ளரி, அன்னாசி, வெங்காயம் மூன்றையும் பொடியாக நறுக்கி, லீமாவ் பிழிந்த பச்சடி ஒன்று இனிப்பைச் சமன் செய்யும். குழந்தைகளுக்குப் பரிமாறும்போது கெம்போங்கின் நடுமுள்ளை முழுதாக உருவிவிடலாம். முதுகுப்பக்கம் பிளந்த மீனில் அது ஒரே இழுப்பில் வரும். ஓரச் சிறுமுட்களை மட்டும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

மிஞ்சிய மீனை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட வேண்டும். பூச்சு குளிரில் இறுகி, மறுநாள் ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்து மூடிச் சூடாக்கினால் மறுபடி இளகும். சூடாக்காமலே உதிர்த்து, வெள்ளரியோடு ரொட்டிக்குள் வைத்தால் காலைப் பள்ளிப் பெட்டிக்கு ஆகும். சட்டியில் ஒட்டிக் கறுத்த பாகைச் சுரண்டினால் சட்டியின் பூச்சுதான் போகும். வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுவைத்தால், சர்க்கரை என்பதால், அது தானே கரைந்து கழன்றுவிடும்.